ஒரு மஞ்சள் சட்டை, இரண்டு எல்லைகள்: வேலூர் மிதிவண்டிக் குழு ஒன்றின் பயணம் குறித்த நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு வேலூர்க் கோட்டை அகழியோரத்திலிருந்து 14 பேர் மிதிவண்டியில் புறப்பட்டார்கள். குடியாத்தம், பலமநேர், வி.கோட்டா வழியாக அன்று இரவு கோலார் தங்கவயலில் தங்கிவிட்டு, மறுநாள் பெங்களூரை அடைந்து, திங்கட்கிழமை ரயிலேறிக் காட்பாடியில் இறங்குவது திட்டம். அனைவரும் ஒரே மாதிரியான மஞ்சள் டி-ஷர்ட் அணிந்திருந்தார்கள். அந்தச் சட்டையை அச்சடித்துக் கொடுத்தவன் நான். பின்னால் வந்த வேனில் தண்ணீர்க் கேன், மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பசை ஆகியவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவனும் நானே. ஆகவே இந்த ஆய்வை எழுதுபவனுக்கு நடந்தவற்றில் ஒரு பங்கும், நடந்த பிழையில் பெரும்பங்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாளில் அந்தச் சட்டை கட்சிக் கொடியாகவும், கிரிக்கெட் அணியின் சீருடையாகவும், அண்டை மாநிலத்தின் கொடியாகவும், ஒரு முதியவருக்குப் பிறந்த மண்ணின் கடிதமாகவும் படிக்கப்பட்டது. அணிந்தவர்கள் எண்ணியிருந்த பொருளில் அதைப் படித்தவர் வழியில் ஒருவரும் இல்லை. இது ஏன் நேர்ந்தது என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

சட்டை உருவான விதம்

லாங்கு பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் கடை இருக்கிறது. பள்ளி விளையாட்டு விழா, கல்லூரிச் சுற்றுலா, கோயில் அன்னதானக் குழு என்று டி-ஷர்ட் அச்சடிக்கக் கேட்டு வருபவர்களுக்குத் திருப்பூரிலிருந்து துணி தருவித்து அடித்துக் கொடுப்பது தொழில். மிதிவண்டிக் குழுவினர் வந்தபோது அவர்களுக்கு மூன்று தேவைகள் இருந்தன. இருட்டில் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஊர்ப் பெயர் தமிழில் இருக்க வேண்டும், வேலூர் என்றவுடன் நினைவுக்கு வரும் ஏதாவது ஒன்று முதுகில் இருக்க வேண்டும்.

முதல் தேவைக்கு மஞ்சள் தேர்வாயிற்று. மிதிவண்டிக்காரர்களுக்கு மஞ்சள் மேல் தனிப் பற்று ஒன்றும் உண்டு. பிரான்ஸ் நாட்டைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்கு 1919 முதல் மஞ்சள் சட்டைதான் தரப்படுகிறது. அந்தப் பந்தயத்தை நடத்திய நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மஞ்சளின் மேல் கறுப்பில் எழுதினால் வாடகைக் கார் போல இருக்கும் என்று ஒருவர் சொன்னதால் அரக்குச் சிவப்பு மை முடிவானது. நெஞ்சில் ஒரு மிதிவண்டியின் கோட்டோவியம், அதன் கீழே ‘வேலூர்’ என்று பெரிய எழுத்து, முதுகில் கோட்டைக் கொத்தளத்தின் விளிம்பும் ‘1806’ என்ற எண்ணும்.

மாதிரிச் சட்டை ஒன்றை அடித்துக் காயவைத்து மேசைமேல் விரித்தபோது, குழுவில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் — வீட்டில் தெலுங்கு பேசுபவர் — சட்டையைப் பார்த்துச் சிரித்தார். “சார், இதைப் போட்டுக்கிட்டு சித்தூர் பக்கம் போனா மாலை போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டு 36 சட்டைகளுக்குத் திருப்பூருக்குப் பணம் அனுப்பினேன். இந்த நிகழ்வில் கிடைத்த மிகச் சரியான எச்சரிக்கை அதுதான். அது வேடிக்கைப் பேச்சின் உருவத்தில் வந்ததால் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

முதல் எல்லை

தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்று முடிந்திருந்தது. ஆந்திரத்திலோ மே 13 அன்று மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து வாக்குப்பதிவு. பிரசாரம் உச்சத்தில் இருந்தது. 1982இல் என்.டி.ராமராவ் தொடங்கிய தெலுங்கு தேசம் கட்சியின் நிறம் மஞ்சள், சின்னம் சைக்கிள். கட்சித் தலைவர் சந்திரபாபு நாயுடு போட்டியிட்ட குப்பம் தொகுதி, நாங்கள் கடக்கவிருந்த அதே சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. மஞ்சள் சட்டையில் சைக்கிள் படம் போட்டுக்கொண்டு, சைக்கிளிலேயே ஏறி, வரிசையாக 14 பேர் அந்த மாவட்டத்துக்குள் நுழைந்தோம் என்று இப்போது எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை.

குடியாத்தத்தைக் கடக்கும்போது கிழக்கு வெளுத்தது. மலைப்பாதை ஏறி ஆந்திரத்துக்குள் போன முதல் ஊரிலேயே சிறுவர்கள் “சைக்கிள்! சைக்கிள்!” என்று கத்திக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். மிதிவண்டியைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். அடுத்த ஊரில் தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்த நடுவயதுக்காரர் ஒருவர் இரண்டு விரலை விரித்துத் தூக்கிக் காட்டினார். எங்கள் குழுவில் ஒருவருக்கு எம்.ஜி.ஆர். மேல் பரம்பரைப் பக்தி. தமிழ்நாட்டில் இரண்டு விரல் என்றால் இரட்டை இலை. ஆந்திர எல்லையிலும் தலைவருக்கு ஆள் இருக்கிறது என்று மகிழ்ந்து அவரும் இரண்டு விரலை உயர்த்தினார். சந்திரபாபு நாயுடு கூட்டத்துக்குக் கூட்டம் காட்டும் வெற்றிக் குறியும் அதே இரண்டு விரல்தான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. கடை வாசலில் கைதட்டல் எழுந்தது. அதன்பின் ஊருக்கு ஊர் அவர் விரலை உயர்த்திக்கொண்டே வந்தார்.

பலமநேருக்கு முன்னால் ஓரிடத்தில் தேர்தல் பறக்கும் படையினர் வேனை நிறுத்தினார்கள். வாகன எண் டிஎன் 23 என்று தொடங்குவதைப் பார்த்தார்கள், பின்கதவைத் திறக்கச் சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் நண்பர் குழுவுக்கென்று எடுத்துப்போன மீதி 22 சட்டைகள் பிளாஸ்டிக் உறையோடு கட்டாக இருந்தன. படையோடு வந்த வீடியோகிராபர் கட்டைப் பிரிப்பதையும், ஒவ்வொரு சட்டையையும் விரித்து எண்ணுவதையும் படம் பிடித்தார். “மீரு டீடீபீனா?” (நீங்கள் தெலுங்கு தேசமா?) என்ற கேள்விக்கு நான் தமிழில் விளக்கம் சொல்ல, அந்த விளக்கத்தில் ‘சைக்கிள்’ என்ற சொல் நான்கு முறை வந்ததால் நிலைமை மேலும் மோசமானது. முதுகுப்புறத்தைத் திருப்பிய அதிகாரி ‘1806’ என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, அது எந்த வாக்குச்சாவடியின் எண் என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேற்று மாநில வண்டி, கட்சி நிறத்தில் கட்டுச் சட்டை, கட்சிச் சின்னம், ரசீது இல்லை. என் கடைச் சரக்கை நானே எடுத்துப் போகிறேனே, ரசீது எதற்கு என்று நான் எழுதாமல் விட்டிருந்தேன். வாக்காளர்களுக்குப் பரிசுப்பொருள் கொண்டுபோவதைத் தடுப்பது அவர் வேலை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வண்டியை விட்டிருக்க மாட்டேன்.

ஒன்றே முக்கால் மணிநேரம் கழித்து ஆசிரியர் மிதிவண்டியைத் திருப்பிக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். அவர் பேசிய தெலுங்கைவிட, பேசும்போது அவர் நீட்டிய இடது கைதான் காரியத்தை முடித்தது. ஆள்காட்டி விரலில், நகக்கண்ணில் இறங்கி, கறுப்பு மை எட்டு நாளாகியும் அழியாமல் இருந்தது. அதிகாரி அந்த விரலைப் பார்த்தார், என் விரலைக் காட்டச் சொன்னார், ஓட்டுநரின் விரலையும் காட்டச் சொன்னார். மூன்றிலும் மை. ஏற்கெனவே வாக்களித்துவிட்டவர்கள் என்பது அவருக்கு உறுதியாயிற்று. மைசூரில் 1962 முதல் தயாராகிவரும் அந்த மை இந்தியாவின் எந்த மூலையிலும் ஒரே பொருளைத்தான் தருகிறது. எங்கள் உடம்பில் இருந்த அடையாளங்களில் எல்லை தாண்டியும் பொருள் மாறாதது அது ஒன்றுதான். சட்டைக் கட்டை நூலால் கட்டி முத்திரை வைத்து, ஆந்திரத்துக்குள் பிரிக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

தங்கவயல்

அன்று மாலை ராபர்ட்சன்பேட்டையில் நடந்ததை நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்களிலும் பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து போன குடும்பங்கள் ஏராளம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக, 3 கி.மீ.க்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. வேலை போனாலும் பேச்சு போகவில்லை. சயனைடு மண்மேடுகளுக்கு இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு தமிழ்தான்.

விடுதி வாசலில் மிதிவண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் எதிர்ச்சாரியிலிருந்து தெருவைக் கடந்து வந்தார். சட்டையின் நிறத்தையோ படத்தையோ அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நேரே வந்து, ஒருவர் நெஞ்சுக்கு அருகே குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “வே… லூ… ர்” என்று எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“எங்கப்பா பேரணாம்பட்டு. எனக்கு மூணு வயசு இருக்கும்போது இங்க வந்தது. நீங்கல்லாம் வேலூர் டவுனேவா?”

அவருடைய விரலில் மை புத்தம் புதியதாக இருந்தது. கோலார் தொகுதியில் முந்தைய நாள்தான் வாக்குப்பதிவு. ‘லூ’ என்ற எழுத்தின் மேல் அவர் விரலை வைத்தபோது, அச்சில் மை சற்றுத் தடிமனாக விழுந்திருந்த அந்த இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்து, “துவைச்சா போவுமா?” என்று கேட்டார். போகாது என்றேன். பக்கத்தில் நின்ற பேரன், பத்து வயது இருக்கும், எங்களைப் பார்த்ததிலிருந்தே “சிஎஸ்கே, சிஎஸ்கே” என்று தாத்தாவின் கையை இழுத்துக்கொண்டிருந்தான். ஒரே குடும்பம், ஒரே தெரு, ஒரே சட்டை. தாத்தா எழுத்தைப் படித்தார், பேரன் நிறத்தைப் படித்தான். தமிழ் வாசிக்க அவனுக்குத் தெரியாது என்று பிறகு தெரிந்தது. கன்னட வழிப் பள்ளியில் படிக்கிறான். கட்டின் முத்திரையை உடைத்து ஒரு சட்டையை முதியவருக்குக் கொடுத்தோம். தொளதொளவென்று இருந்தும் உடனே மேலே போட்டுக்கொண்டார்.

இரண்டாம் எல்லை

பெங்களூரைப் பற்றித்தான் குழுவில் உண்மையான அச்சம் இருந்தது. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் அங்கே எரிக்கப்பட்டதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. எழுத்து எந்த மொழியில் இருக்கிறது என்பதை நகரமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஹொசகோட்டைக்கு முன்னால் நிழலில் நின்றபோது ஐந்து பேர் சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

இனி நடந்தது எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. எழுத்தை மறைத்த அந்த ஐந்து பேரும் வெறும் மஞ்சளாகிவிட்டார்கள். ஐபிஎல் நடந்துகொண்டிருந்த பருவம். பெங்களூரு இளைஞர்கள் சிவப்புச் சட்டையில் திரியும் ஊரில், வெறும் மஞ்சள் என்றால் சென்னை அணி. இரு சக்கர வாகனங்களில் போனவர்கள் அந்த ஐவரைத்தான் தேடித் தேடிக் கேலி செய்தார்கள், கேலி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சட்டையைத் திருப்பாமல் மஞ்சளும் அரக்குமாகப் போனவர்களைப் பார்த்து லாரி ஓட்டுநர் ஒருவர் ஹாரன் அடித்து, முஷ்டியை உயர்த்தி, “ஜெய் கர்நாடக மாதே” என்றார். மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்ற கன்னடக் கொடி அங்கே ஆட்டோக்களிலும் கடை வாசல்களிலும் தெருமுனைக் கம்பங்களிலும் ஆண்டு முழுவதும் பறக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தவருக்கு எங்கள் சட்டை அந்தக் கொடி.

கே.ஆர்.புரத்தைத் தாண்டி ஒரு தர்ஷினியில் (சிற்றுண்டிக் கடையில்) இட்லி சாப்பிட நின்றோம். கல்லாவில் இருந்தவர் டோக்கன் கிழிக்கும்போது என் சட்டையை நிமிர்ந்து பார்த்தார். கண் முதலில் மலர்ந்தது. பிறகு எழுத்தின் மேல் நின்றது. புருவம் லேசாக இறங்கியது. டோக்கனை நீட்டிக்கொண்டே சொன்னார்: “பண்ண நம்து, அட்சர நிம்து.” நிறம் எங்களுடையது, எழுத்து உங்களுடையது. கோபமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று குழுவில் இன்றுவரை இரண்டு கருத்து. வேடிக்கைதான் என்பது என் கருத்து, ஏனென்றால் சட்னியை இரண்டாம் முறை அவரே எழுந்து வந்து ஊற்றினார்.

என்ன நடந்தது என்று பார்த்தால்

ஊர் திரும்பிய பிறகு, யார் எந்தத் தூரத்தில் நின்று எதைச் சொன்னார்கள் என்பதை ஆளாளுக்குக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். எழுதி முடித்ததும் கண்ணில் பட்டது தூரத்தின் கணக்குதான். நூறடிக்கு அப்பால் நின்றவர்கள் எல்லோரும் நிறத்தை மட்டும் படித்திருக்கிறார்கள். சாலையோரத்தில் நின்றவர்கள் நிறத்தோடு படத்தைச் சேர்த்துப் படித்திருக்கிறார்கள். எழுத்தைப் படித்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்தவர்கள். அவர்களிலும் அந்த எழுத்து தெரிந்தவர் ஒரே ஒருவர். சட்டையை வடிவமைத்தபோது நாங்கள் நேரம் செலவிட்டதோ தலைகீழாக. ‘வேலூர்’ என்பதற்கு எந்த எழுத்துரு என்று இரண்டு மாலை விவாதித்தோம். நிறத்தை இரண்டு நிமிடத்தில் முடித்தோம்.

பார்ப்பவர் காலியான கண்ணோடு பார்ப்பதில்லை என்பது அடுத்தது. பலமநேரில் தேர்தல், பெங்களூரில் கிரிக்கெட்டும் கொடியும், தங்கவயலில் பிறந்த ஊர் நினைவு என்று அந்த வாரத்தில் அவரவர் கண்ணில் ஏற்கெனவே எது நிறைந்திருந்ததோ அதுவே எங்கள் சட்டையிலும் தெரிந்தது. அதே சட்டையை ஆறு மாதம் முன்னால் அணிந்து போயிருந்தால் ஆந்திரத்தில் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் 1996இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சைக்கிள் சின்னத்தில் வென்றபோது இங்கேயும் சைக்கிள் படம் வெறும் சைக்கிளாக இருந்திருக்காது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அது நினைவில் இல்லாத வயது.

இத்தனைக்கும், ஆடையில் அரசியலைப் படிப்பதில் தமிழர்களைத் தேர்ந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். ஒருவர் திருமண மண்டபத்துக்குள் நுழையும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே வேட்டிக் கரையைப் பார்த்து எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துகொள்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதியைப் படிக்கும் பழக்கம் எவ்வளவு முற்றிப்போயிருந்தால், 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு அந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்திருக்கும்! உள்ளூரில் இவ்வளவு நுட்பமாகப் படிக்கத் தெரிந்த கண், அடுத்த மாவட்டத்துக்காரனுக்கும் இதே போன்றதொரு அகராதி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. குடியாத்தத்தில் நெய்கிற கைலி நமக்கு வீட்டு உடை. பர்மாவில் கிட்டத்தட்ட அதே வெட்டில் இருக்கும் லோஞ்சி அலுவலகத்துக்குப் போடும் மரியாதையான உடை. வேட்டி நமக்கு மணமேடை உடை. ஆனால் 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அனுமதி மறுக்கப்பட்டு, அதைத் தடுக்க அதே ஆண்டில் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அங்கே மாநில எல்லைகூட இல்லை. கிளப்பின் வாசற்படிதான் எல்லை.

முதுகில் போட்ட 1806 என்ற எண்ணை நாங்கள் யோசித்தே போட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு வேலூர்க் கோட்டையில் நடந்ததே ஓர் ஆடைப் பிரச்சினை என்பதை ஒருவரும் இந்தப் பயணத்தோடு இணைத்துப் பார்க்கவில்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் சிப்பாய்களுக்குப் புதுவகைத் தலைப்பாகை கட்டளையாயிற்று; அதில் தோலால் ஆன ஒரு பட்டை. நெற்றிச் சின்னம், காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் உத்தரவு. உத்தரவு போட்டவர்களுக்கு அது அணிவகுப்பில் ஒழுங்காகத் தெரியும் ஒரு தலைப்பாகை. சிப்பாய்க்கோ அது வெள்ளைக்காரனின் தொப்பி. அதை அணிந்து ஊருக்குப் போனால் மதம் மாறியவன் என்று சொந்தக்காரர்கள் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கும்வரை கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி பறந்தது. பிறகு தலைப்பாகை உத்தரவு கைவிடப்பட்டது; கிரடாக்கும் ஆளுநர் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். எங்கள் சட்டைக்கும் அந்தத் தலைப்பாகைக்கும் ஒப்புமை சொல்வது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உடையை முடிவு செய்தவர் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தார் என்பதில் வேற்றுமை இல்லை.

என் கடையில் நடந்த ஒன்று

பிறர் நம்மைத் தவறாகப் படித்ததை மட்டும் எழுதினால் ஆய்வு ஒருபக்கமாகிவிடும். வேலூர், வெளியூர் ஆடைகள் வந்திறங்கும் ஊர். சிஎம்சி மருத்துவமனைக்காக வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், மிசோரம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து சாதாரணம். ஆட்டோக்காரர்கள் கையில் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் வங்காளத்துச் சுமங்கலி என்று சொல்லி வங்காளியிலேயே கூப்பிடுவார்கள். பார்த்துப் பார்த்து ஊருக்கு இந்தப் பாடம் வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அசாமிலிருந்து மனைவியின் சிகிச்சைக்காக வந்த ஒருவர், நான் கடை வைத்திருக்கும் சந்தில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தார். மாலையில் கடை வாசலில் வந்து உட்கார்வார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், வெள்ளைத் துணி ஒன்றை, இரு முனையிலும் சிவப்பில் பூவேலை நெய்தது, இரு கையாலும் என் தோளில் போட்டுக் கும்பிட்டார். நல்ல துண்டு என்று நினைத்தேன். மறுநாள் காலை கையில் அகப்பட்டது அதுதான். மை வழித்த ஸ்க்வீஜியை, அதாவது அச்சு மையை இழுக்கும் ரப்பர் கட்டையை, அதில் துடைத்துக்கொண்டிருந்தபோது, ரயிலுக்குப் போகும் வழியில் அவர் சொல்லிக்கொள்ள வந்து நின்றார். துணியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அது கமோசா என்பதும், அசாமியர் மரியாதைக்குரியவருக்குத் தோளில் அணிவிப்பது என்பதும், வழிபாட்டில் வைப்பது என்பதும் பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். 2022 டிசம்பரில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைச் செய்தித்தாளில் பார்த்த அன்று கடையை ஒரு மணிநேரம் முன்னதாக மூடிவிட்டேன். துணி இன்னும் இருக்கிறது. மைக்கறை போகவில்லை.

பறக்கும் படை அதிகாரி தவறாகப் படித்தார் என்றாலும் கேட்டுத் தெளிந்தார். நான் கேட்கக்கூட இல்லை.

மறு அச்சு

2024 அக்டோபரில் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மீண்டும் சட்டை கேட்டார்கள். இப்போது நாங்கள் எச்சரிக்கையானவர்கள். சைக்கிள் படத்தை நீக்கிவிட்டு நிறத்தை அப்படியே வைக்கலாம் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் ஊரிலேயே காரியம் கெட்டுவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று நடிகர் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் கொடியை அறிமுகப்படுத்தியது: மேலும் கீழும் அரக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள். அடுத்த ஞாயிறு, கோட்டை மைதானத்தைச் சுற்றிப் பயிற்சிக்குப் போனவர்களைப் பார்த்து, பூக்கடைக்காரர் முதல் நடைப்பயிற்சிக்கு வந்த வங்கி அதிகாரி வரை “என்ன, தளபதி கட்சியா?” என்று கேட்டார்கள். விக்கிரவாண்டி மாநாடு நெருங்கிய வாரத்தில் இருவர் வந்து மாநாட்டுக்கு வேனில் இடம் இருக்கிறதா என்றே விசாரித்தார்கள். சட்டை எங்கும் பயணம் போகவில்லை. வேலூரிலேயே அது வேற்றூர்ச் சட்டையாகிவிட்டது.

வேறு நிறம் தேட உட்கார்ந்தோம். பச்சை என்றார் ஒருவர். வேலூரில் பச்சை எந்தக் கட்சி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காவியைச் சொல்லவே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீலத்துக்கும் கறுப்புக்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். கறுப்புக்குக் கார்த்திகையில் ஐயப்பனும் சேர்ந்துகொள்வார். சிவப்பு மே மாதத்தில் தொழிற்சங்கம், ஆடி மாதத்தில் மேல்மருவத்தூர். ரோஸ் என்றால் பெண்களுக்கான இலவசப் பேருந்து. வெள்ளை ஒரே பயணத்தில் அழுக்காகிவிடும் என்பதோடு, அதுவும் அரசியல்வாதி நிறம். முடிவில் சாம்பல் நிறத் துணியில், இருட்டில் ஒளிரும் பட்டை ஒன்றைத் தோளில் தைத்து, ‘வேலூர்’ என்று வெள்ளையில் அடித்தோம். எந்த ஊர்க்காரரும் எதையும் படித்துவிட முடியாத சட்டை என்று ஆசிரியரே ஒப்புதல் கொடுத்தார். இந்த முறை அவர் சிரிக்கிறாரா என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பரில் ஏலகிரி போய்விட்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் திரும்பினோம். காட்பாடியில் இறங்கி மிதிவண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பைகளோடு ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, எஸ்-4 எங்க நிக்கும்? கொஞ்சம் ஏத்தி விட்டுருப்பா.”

பைகளை வாங்கிக்கொண்டேன்.